13 பிக்சல் சதுரம்

பிரவுசர் தானாக வரைந்து தரும் செக்பாக்ஸ் ஏறக்குறைய 13 பிக்சல் அகலமும் 13 பிக்சல் உயரமும் உள்ள சதுரம். மேசைக் கணினியில் மவுஸ் முனைக்கு அது போதும். ஏணி வைத்து மிளகு பறித்துப் பழகிய கைக்கும், மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கட்டைவிரலுக்கும் போதாது. கொல்லிமலையின் செம்மேட்டில் இந்த வேலையைத் தொடங்கும்போது நோட்டில் முதலில் எழுதிக்கொண்டது: சதுரம் சின்னது, விரல் பெரியது.

வேலை இதுதான். கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு பயிரிடுகிறவர்கள் எந்த ரகத்தை எவ்வளவு விதைத்தார்கள், அடுத்த பட்டத்துக்கு எவ்வளவு விதை எடுத்துவைத்திருக்கிறார்கள் என்று பதிவுசெய்ய ஒரு படிவம். ஒரு விவசாயிகள் குழு கேட்டது. டவர் கிடைக்கும் இடத்தில் போனில் திறந்து, காட்டில் வைத்து நிரப்பி, திரும்ப டவர் வந்ததும் அனுப்ப வேண்டும். வெறும் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். பக்கம் சில கேபியில் இறங்கிவிடும். பாதியில் அறுந்த ஸ்கிரிப்ட்டுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

*

சதுரத்தைப் பெரிதாக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது லேபிள். "மல்லியச்சாமை" என்ற சொல்லையும் செக்பாக்ஸையும் ஒரே லேபிள் குறிக்குள் வைத்துவிட்டால், சொல்லைத் தொட்டாலே டிக் விழும். சிஎஸ்எஸ் ஒரு வரிகூட வேண்டாம். பிறகு லேபிளுக்கு 44 பிக்சல் உயரமும், திரையின் முழு அகலமும், சுற்றிலும் ஒரு மெல்லிய கோடும் கொடுத்தால் வரிசை முழுவதுமே தொடும் இடமாகிறது. 2023 அக்டோபரில் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் நெறிமுறை குறைந்தபட்சமாகச் சொல்வது 24 பிக்சல் சதுரம். அதன் உயர்ந்த படி 44. மலையில் உயர்ந்த படியிலிருந்தே தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

லேபிள் இல்லாமல், செக்பாக்ஸுக்குப் பக்கத்தில் வெறுமனே எழுத்தை அச்சடித்து வைத்திருக்கும் படிவங்கள் இன்னும் எத்தனையோ. பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். தொட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். திரைவாசிப்பான் வைத்துக் கேட்கிறவருக்கோ, லேபிள் இல்லாத சதுரம் வெறும் "செக்பாக்ஸ், டிக் செய்யப்படவில்லை" என்று மட்டும் ஒலிக்கும். எதற்கான சதுரம் என்று அவருக்கு யார் சொல்வது?

*

செக்பாக்ஸ் போன்ற படிவக் கட்டுப்பாடுகள் ஏன் இத்தனை வருடம் சிஎஸ்எஸ்ஸுக்கு அடங்காமல் இருந்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1993-ல் மொசைக் பிரவுசர் படிவங்களைக் காட்டியது. 1995 நவம்பரில் வந்த ஹெச்டிஎம்எல் 2.0 ஆவணம், டிம் பெர்னர்ஸ்-லீயும் டான் கொனலியும் எழுதியது, இன்புட், செலக்ட், டெக்ஸ்ட்ஏரியா மூன்றையும் வரையறுத்தது. லேபிள், ஃபீல்ட்செட், லெஜண்ட், பட்டன் நான்கும் 1997 டிசம்பரில் ஹெச்டிஎம்எல் 4.0 வந்தபோது சேர்ந்தன. இடையில், 1996 டிசம்பரில், ஹோகன் வியம் லீயும் பெர்ட் போஸும் எழுதிய முதல் சிஎஸ்எஸ். பத்தி, தலைப்பு, நிறம், ஓரம் எல்லாவற்றுக்கும் அதில் வழி இருந்தது. படிவக் கட்டுப்பாடுகளை மட்டும் பிரவுசர்கள் விண்டோஸிடமிருந்தும் மேக்கிடமிருந்தும் வாங்கி அப்படியே ஒட்டின. பக்கத்துக்குள் இருந்தாலும் அவை பக்கத்துக்குச் சொந்தமில்லை. 2011 ஜூனில் முடிவான சிஎஸ்எஸ் 2.1 கூட, எந்தப் பண்புகள் படிவக் கட்டுப்பாடுகளுக்குப் பொருந்தும் என்பதைத் தான் வரையறுக்கவில்லை என்று எழுதிவைத்து நகர்ந்துவிட்டது.

அந்த வெற்றிடத்தில்தான் பொய்ச் செக்பாக்ஸ்கள் முளைத்தன. ஒரு டிவ்; அதன்மேல் ஒரு படம்; தொட்டால் படத்தை மாற்ற ஒரு ஸ்கிரிப்ட். அழகாக இருந்தன. டேப் விசை அவற்றில் நிற்காது, ஸ்பேஸ்பார் வேலை செய்யாது, திரைவாசிப்பானுக்கு அவை இருப்பதே தெரியாது. ஸ்கிரிப்ட் இறங்கவில்லையென்றால் யாருக்குமே வேலை செய்யாது.

*

செம்மேடு மாதிரி ஊரில் யார் விசைப்பலகையில் டேப் தட்டப் போகிறார்கள் என்று கேட்கலாம். கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊராருக்காகப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் பெண் தட்டுவார். அவர் கை மவுஸுக்குப் போவதே அபூர்வம். டேப், டேப், அம்புக்குறி, ஸ்பேஸ், டேப், என்டர். எதிரே நான்கு பேர் ஆதார் அட்டையோடு நிற்கிறார்கள். உண்மையான ரேடியோ பட்டன் குழுவுக்குள் டேப் ஒருமுறைதான் நுழையும், அம்புக்குறி உள்ளே நகர்த்தும், அடுத்த டேப் வெளியே கொண்டுபோகும். இதை யாரும் எழுதிக் கொடுக்க வேண்டாம், பிரவுசரிலேயே இருக்கிறது. பொய் ரேடியோ அவரை மவுஸைத் தேட வைக்கிறது. ஒரு படிவத்துக்குச் சில நொடி. வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு பேருந்து தவறும்.

அதே காரணத்துக்காக, "அவுட்லைன்: நன்" என்று எழுதும் பழக்கத்தை நான் மன்னிக்க மாட்டேன். கர்சர் எந்தப் பெட்டியில் நிற்கிறது என்று காட்டும் கோடு அது. தொட்டவர்களுக்கு அந்தக் கோடு உறுத்துகிறது என்றால் "ஃபோகஸ்-விசிபிள்" இருக்கிறது: விசைப்பலகையில் வருகிறவருக்குக் காட்டும், பட்டனைத் தொட்டவருக்குக் காட்டாது. குரோமில் 2020-லும் ஃபயர்ஃபாக்ஸில் 2021-லும் சஃபாரியில் 2022-லும் வந்துவிட்டது. கோடு 3 பிக்சல், அடர்நிறம், பெட்டியிலிருந்து 2 பிக்சல் தள்ளி.

*

"ஆக்சென்ட்-கலர்". ஒரே வரி. செக்பாக்ஸ், ரேடியோ, ஸ்லைடர், முன்னேற்றப் பட்டை நான்கும் நாம் சொன்ன நிறத்துக்கு மாறும். உள்ளே இருக்கும் டிக் வெள்ளையா கறுப்பா என்பதைப் பின்னணிக்கு ஏற்ப பிரவுசரே தீர்மானித்துக்கொள்ளும். குரோம் 93, ஃபயர்ஃபாக்ஸ் 92, இரண்டும் 2021; சஃபாரி 15.4, 2022 மார்ச். அந்த ஒரு சஃபாரி பதிப்பிலேயே ஃபோகஸ்-விசிபிள், ஹேஸ், முன்னொட்டு இல்லாத அப்பியரன்ஸ் எல்லாம் சேர்ந்து வந்தன. படிவம் அலங்கரிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய மாதம்.

பழைய போனில் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. புரியாத வரியை சிஎஸ்எஸ் தாண்டிப் போய்விடும். டிக் பழைய நீலத்தில் விழும். மலையில் புழங்கும் போன்களில் பல, அண்ணன் வாங்கி, தம்பி பயன்படுத்தி, இப்போது அம்மா கைக்கு வந்தவை. அவற்றில் நிறம் மட்டும் போய் வேலை நடப்பதால்தான் இந்த வரியை நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கை. பண்பு தெரியாவிட்டால் அந்த வரி மட்டும் விழும். தேர்வி (செலக்டர்) தெரியாவிட்டால் அந்த விதி முழுவதும் விழும். காற்புள்ளி போட்டுப் பழைய தேர்வியையும் புதிய தேர்வியையும் ஒரே விதியில் சேர்த்தால், புதியது புரியாத பிரவுசர் பழையதையும் சேர்த்தே தூக்கி எறிந்துவிடும். தனித்தனி விதியாக எழுது.

*

செக்பாக்ஸை முழுக்க நம் கையால் வரைய வேண்டும் என்றால் "அப்பியரன்ஸ்: நன்". பிரவுசர் வரைந்தது எல்லாம் போய்விடும். உள்ளிருக்கும் நடத்தை மட்டும் நிற்கும். டேப் நிற்கும், ஸ்பேஸ் டிக் போடும், திரைவாசிப்பான் படிக்கும். பொய்ச் செக்பாக்ஸுக்கும் இதற்கும் அதுவே வேறுபாடு. ஆனால் கூரை ஓட்டைப் பிரித்தவன் மழைக்கு முன்னால் மேய்ந்து முடித்தாக வேண்டும். டிக் விழுந்த நிலை, விழாத நிலை, ஃபோகஸ் நிலை, முடக்கிய நிலை, கணினியில் உயர் வேறுபாட்டு நிறங்களை வைத்திருப்பவர் பார்க்கும் நிலை: அத்தனையையும் நாமே வரைய வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அந்த நிலையில் நம் பின்னணி நிறங்களை இயங்குதளம் அழித்துவிடும். டிக் பின்னணி நிறத்தில் மட்டும் இருந்தால், டிக் போட்டதும் போடாததும் ஒன்றாகிவிடும்.

இந்தப் படிவத்துக்கு ஆக்சென்ட்-கலரே போதும். செக்பாக்ஸின் அகலம், உயரம் இரண்டையும் 24 பிக்சல் ஆக்கினேன். சுற்றியிருக்கும் வரிசையை மட்டும் அலங்கரித்தேன்.

*

ஒளித்து வைக்கும் பழைய தந்திரம் பற்றி: இன்புட்டை மறைத்து, லேபிளின் முன்னே ஒரு சதுரத்தை வரைவது. "டிஸ்ப்ளே: நன்" போட்டு மறைத்தால் விசைப்பலகைக்கும் திரைவாசிப்பானுக்கும் அது இல்லாமல் போகும். ஒளிபுகாமை அளவைச் சுழியமாக்கி, நாம் வரைந்த சதுரத்தின் மேலேயே இன்புட்டைப் படுக்க வைக்க வேண்டும். பிரிட்டன் அரசின் வடிவமைப்புத் தொகுப்பு, 2018-ல் வெளியானது, தன் ரேடியோ பட்டன்களை இப்படித்தான் செய்கிறது. விரலால் திரையைத் தடவித் தேடுகிற பார்வையற்றவருக்கு, சதுரம் தெரியும் இடத்திலேயே இன்புட்டும் இருப்பது அவசியம்.

*

வட்டமா சதுரமா என்பது இந்தப் படிவத்தில் வந்த பெரிய கேள்வி.

சாமை என்று ஒரே சொல்லில் சமவெளிக்காரர்கள் முடித்துவிடுகிறார்கள். இங்கே மல்லியச்சாமை, சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை என்று ரகம் ரகமாக உண்டு. தினையில் செந்தினை, பெருந்தினை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இந்த மலையின் சிறுதானிய ரகங்களைப் பதிவுசெய்தும், விதை வங்கிகள் அமைக்க உதவியும் வந்திருக்கிறது. அதனால்தான் வெளியே இருப்பவர்களுக்கும் இந்தப் பெயர்கள் தெரியும். கேட்டு வந்த முதல் வரைவில் சாமை ரகத்துக்கு ரேடியோ பட்டன்கள் குறிக்கப்பட்டிருந்தன. வட்டம். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

நிரப்பிப் பார்த்த ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, நான் மூணு சாமையும் போட்டிருக்கேன். இதுல ஒண்ணு வெச்சா இன்னொண்ணு போயிருது?"

"இல்லீங்கம்மா, மூணையும் வெக்கற மாதிரி மாத்திடறேன்."

"மூணையும் வெக்கலாம்னு அதுலயே எழுதிப் போடு. நீ எல்லார்கூடயுமா வந்து ஒக்காந்திருப்ப?"

வட்டம் என்றால் ஒன்று, சதுரம் என்றால் பல என்பது கணினியோடு வளர்ந்தவர்களின் மரபு. அந்த அம்மாவுக்கு அது மரபில்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. லெஜண்ட்டில் இப்போது இப்படி இருக்கிறது: "நீங்கள் விதைத்த சாமை ரகங்கள் (எத்தனை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்)". லெஜண்ட்டில் எழுதியதைத் திரைவாசிப்பானும் குழுவின் பெயராகச் சொல்லும். பட்டியலின் கடைசியில் "இதில் இல்லாத ரகம்" என்று ஒரு எழுத்துப் பெட்டி. அதை விட்டுவிட்டால், நம் பட்டியலில் இல்லாத விதை இந்த மலையிலும் இல்லை என்று கணக்கு எழுதியதாகிவிடும். படிவத்தில் எனக்கு மிக முக்கியமான பெட்டி அதுவே. மற்ற எழுத்துப் பெட்டிகளைவிட அகலமாக, தடித்த கோட்டோடு வைத்திருக்கிறேன்.

*

ஃபீல்ட்செட்டுக்கு ஒரு குணம்: உள்ளிருக்கும் நீளமான சொல்லைவிடக் குறுகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். தமிழில் நீளமான சொற்களுக்குப் பஞ்சமில்லை. 360 பிக்சல் அகல போனில் பக்கம் வலப்பக்கமாக வழிந்தது. குறைந்தபட்ச அகலம் சுழியம் என்று எழுத, அடங்கியது.

*

நாடுகள். கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள், எல்லாம் நாடு என்ற பெயரில் முடிபவை. செம்மேடு இருப்பது வாழவந்திநாட்டில். 14 என்பது இக்கட்டான எண். ரேடியோவாக வைத்தால் திரை நீள்கிறது. டிராப்டவுனாக வைத்தால் ஒளிந்துகொள்கிறது. டிராப்டவுனே வைத்தேன். போனில் செலக்ட்டைத் தொட்டால், போன் தன் சொந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில், விரலால் தள்ளும்படி விரிக்கிறது. நானே வரைந்தால் அவ்வளவு நன்றாக வராது.

மூடியிருக்கும் செலக்ட்டை நாம் அலங்கரிக்கலாம்: கோடு, உள்வெளி (பேடிங்), அம்பு. திறந்த பட்டியலைத் தொட முடியாது என்பதே நெடுங்கால நிலைமை. 2025 ஏப்ரலில் குரோம் 135 அதையும் திறந்துவிட்டது. "அப்பியரன்ஸ்: பேஸ்-செலக்ட்" என்று எழுதினால் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் சிஎஸ்எஸ்ஸால் உடுத்தலாம், தெரியாத பிரவுசரில் பழைய செலக்ட் அப்படியே நிற்கும். நல்ல வரவு. செம்மேட்டுக்கு அது இப்போது தேவையில்லை.

வரிசை முறையும் கவனிக்க வேண்டும். கொடுத்த பட்டியல் ஆங்கில எழுத்து வரிசையில் இருந்தது. அதில் பைல்நாடு மூன்றாவது. தமிழில் அடுக்கினால் அரியூர்நாடு முதலில், பைல்நாடு பன்னிரண்டாவது. தமிழ்ப் பட்டியலில் ப வரிசையைத் தேடிக் கீழே போகிறவர், மேலே மூன்றாவது இடத்தில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்? கணினியை அடுக்கச் சொன்னாலும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்: யூனிகோடு எண் வரிசையில் ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால் வந்துவிடும், ன-வும் ற-வும்கூட நம் நெடுங்கணக்கின் கடைசியில் இல்லை. 14 வரிதானே, கையால் அடுக்கினேன்.

*

எழுத்துரு. பக்கத்தின் உடல் பகுதிக்கு நாம் கொடுக்கும் எழுத்துருவைப் படிவப் பெட்டிகள் ஏற்பதில்லை. குரோமில் அவை தம் போக்கில் 13.333 பிக்சலில் நிற்கும். அந்த அளவில் "ணை", "ளை" போன்றவற்றைக் கண்ணாடி போட்டவர்களும் தடவித்தான் படிக்க வேண்டும். "ஃபான்ட்: இன்ஹெரிட்" என்று இன்புட், செலக்ட், டெக்ஸ்ட்ஏரியா, பட்டன் நான்குக்கும் ஒரே விதியில் எழுதினால் தீர்ந்தது. அளவு 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஐபோன் பெட்டியைத் தொட்டதும் பக்கத்தையே பெரிதாக்கிவிடும்.

எழுத்துருவைத் தரவிறக்க வைக்கவில்லை. ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் உள்ளேயே இருக்கிறது, விண்டோஸில் நிர்மலா. டவர் ஒரு கோடு காட்டும் இடத்தில் எழுத்துருக் கோப்புக்காக ஒரு விவசாயியைக் காக்க வைக்க எனக்கு உரிமையில்லை.

இந்த "ஏற்காத" குணம் தமிழுக்கு முன்பு கொடுத்த தொல்லை பெரிது. 1999-ல் தமிழ்நாடு அரசு தாம், தாப் என்ற இரண்டு குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. அவற்றில் தமிழ் என்பது, எட்டு பிட் இடங்களின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திய எழுத்துரு. பக்கத்துக்கு எழுத்துருவைச் சொன்னால் பக்கம் தமிழில் தெரியும். பெட்டிக்குத் தனியாகச் சொல்லாவிட்டால், தட்டிய தமிழ் அதற்குள் ஐரோப்பியக் குறிகளாகச் சிதறிக் கிடக்கும். தாம் எழுதியதைத் தாமே படிக்க முடியாமல் அனுப்பிய தலைமுறை ஒன்று இருந்தது. 2010-ல் அரசு யூனிகோடை ஏற்றது. இன்றைக்குப் பெட்டி எழுத்துருவை ஏற்காவிட்டால் எழுத்து சிறுக்கும், அவ்வளவே, எழுத்தாகவே இருக்கும்.

*

உயரத்தைப் பிக்சலில் கட்டாதே. 32 பிக்சல் என்று இறுக்கிய பெட்டியில் ஆங்கிலம் நிற்கும். தமிழில் மேலே விசிறி, கீழே சுழி. "கீழூர்" என்று ஒருவர் எழுதினால் இரண்டுக்கும் இடம் வேண்டும். குறைந்தபட்ச உயரம் மட்டும் சொல்லி, வரி உயரத்தை 1.6 ஆக வைத்து, உள்வெளியை எம் அலகில் கொடுத்தேன். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் போனிலும் பெட்டி கூடவே வளர்கிறது.

பட்டனும் அப்படியே. அகலம் கட்டாதே, சொல் இரண்டு வரியானால் ஆகட்டும். இன்புட் வகைப் பட்டனைவிட பட்டன் குறியே இதற்கு ஏற்றது. உள்ளே இருக்கும் எழுத்து தாராளமாக மடங்கும்.

*

பெயர்ப் பெட்டிக்கு எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. இது பிடிவாதம்தான், காரணத்தோடு.

"எழுத்துகள் மட்டும்" என்று ஒரு பேட்டர்ன் போடுவது வழக்கம். ஆங்கில எழுத்து 26 என்று அதை எழுதினால் தமிழ்ப் பெயர் முழுக்க வெளியே. எந்த மொழி எழுத்தும் சரி என்று யூனிகோடு வகையைச் சொன்னாலும் போதாது: யூனிகோடில் "ச" எழுத்து வகை, அதன் ஒற்றைக்கொம்பு "குறி" வகை. குறியையும் சேர்க்காவிட்டால் "செம்மேடு" என்று எழுதுகிறவருக்கு, நீங்கள் எழுதியது எழுத்தே இல்லை என்று பதில் வரும். அடுத்து இனிஷியல். அதன் பின் ஒரு புள்ளி. புள்ளி எழுத்தா? இல்லை. மறுபடியும் தவறு. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டும் கட்டாயம் என்றால், அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தவிரக் கடைசிப் பெயர் எதுவும் இல்லாத ஒரு மாநிலம் என்ன செய்யும்?

எழுத்து எண்ணிக்கை வரம்பும் கூடாது. செம்மேடு என்பது நமக்கு நான்கு எழுத்து. வரம்பு வைக்கும் மேக்ஸ்லென்த் பண்பு அதை 8 என்று எண்ணும். கொல்லிமலை நமக்கு ஐந்து, அதற்கு 9. "20 எழுத்துக்குள்" என்பது தமிழில் பாதியில் அறுந்த பெயர்.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாத ஊர் இது. கொல்லிமலையில் பெரும்பான்மையோர் மலையாளி என்ற பழங்குடியினர். அவர்களுக்கான சாதிச் சான்று தருவது வருவாய்க் கோட்டாட்சியர். அவருடைய அலுவலகம் நாமக்கல்லில். மலைமேல் சோளக்காட்டிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவு, அதற்குப் பிறகு சமவெளிச் சாலை. ஏதோ ஒரு படிவத்தில் பெயரின் கடைசி எழுத்து விழுந்து, சான்றில் ஒரு பெயர், மாற்றுச் சான்றிதழில் ஒரு பெயர் என்றாகிவிட்டால், அந்த ஒரு எழுத்துக்காக இறங்கி ஏறுவது பள்ளி முடித்த ஒரு பெண்ணும் அவளுடைய அப்பாவும். அப்பாவுக்கு அன்றைய கூலி போகும்.

*

"இன்வாலிட்" என்ற தேர்வியில் சிவப்புக் கோடு கட்டினால், பக்கம் திறந்ததுமே கட்டாயப் பெட்டிகள் எல்லாம் சிவந்து நிற்கும். இன்னும் ஒரு எழுத்தும் தட்டாதவரைப் பார்த்து, தப்பு செய்துவிட்டாய் என்பது என்ன மரியாதை? "யூசர்-இன்வாலிட்" அவர் எழுதி முடித்து நகர்ந்த பிறகே விழிக்கும். ஃபயர்ஃபாக்ஸ் 2021, சஃபாரியும் குரோமும் 2023. அது தெரியாத பிரவுசரில் சிவப்பே வராது, அனுப்பும்போது பிரவுசர் தன் செய்தியைக் காட்டும். அது போதும்.

சிவப்பு மட்டும் போதாது. வெயிலில் போனை எட்டிப் பிடித்துப் பார்க்கிறவருக்குச் சிவப்பும் பழுப்பும் ஒன்றே. கோட்டின் தடிமனும் மாறட்டும். என்ன வேண்டும் என்ற வரி பெட்டிக்கு மேலே எப்போதும் இருக்கட்டும். பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் எழுதிவைப்பது தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும். இடையில் யாரோ கூப்பிட்டுத் திரும்பி வந்தவருக்கு, இது என்ன பெட்டி என்பதற்கு விடை இல்லை.

*

எண். "நம்பர்" வகை பெட்டி கணினியில் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எண்ணை மாற்றிவிடக்கூடும். சென்டரில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தைத் தள்ளுவதற்குள் 12 கிலோ 9 ஆகலாம். பிரிட்டன் அரசின் வடிவமைப்புக் குழு 2020-ல் இந்த வகையைக் கைவிட்டு, எழுத்துப் பெட்டியில் எண் விசைகளைக் கேட்கும் "இன்புட்மோட்" பண்புக்கு மாறியது. நானும் அப்படியே. பக்கத்தில் கிலோ, வள்ளம் என்று இரண்டு ரேடியோ. மாற்றிக் கணக்குப் போடுவது வாங்கி வைக்கிறவர்களின் வேலை.

தேதி. பிரவுசரின் தேதிக் கட்டத்துக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் தெரியும். எப்போது விதைத்தீர்கள் என்றால் இங்கே வைகாசி என்பார்கள், ஆனி என்பார்கள். 12 தமிழ் மாதங்களோடு ஒரு செலக்ட். தேதி வேண்டும் என்று எந்த ஆராய்ச்சியாளராவது கேட்டால், அவர் வந்து கேட்டுக்கொள்ளட்டும்.

ஸ்லைடர் வேண்டாம்.

*

"விதை எடுத்து வைத்திருக்கிறீர்களா?" என்ற டிக் விழுந்தால்தான் "எவ்வளவு?" என்ற பெட்டி தெரிய வேண்டும். முன்பு ஸ்கிரிப்ட் இல்லாமல், பெட்டியை அடுத்தடுத்து வைத்துத்தான் முடியும். இப்போது "ஹேஸ்" வந்துவிட்டது: உள்ளே டிக் விழுந்த செக்பாக்ஸ் இருக்கும் குழுவைப் பெற்றோரிலிருந்தே பிடிக்கலாம். சஃபாரியும் குரோமும் 2022, ஃபயர்ஃபாக்ஸ் 2023 டிசம்பர். மூன்று எச்சரிக்கைகள் எழுதிக்கொள்கிறேன். ஹேஸ் தெரியாத போனில் பெட்டி மறைந்தே கிடக்கக் கூடாது. அதனால் மறைக்கும் விதியை "சப்போர்ட்ஸ்" சோதனைக்குள் போடு. மறைந்த பெட்டியில் எழுதியது மறைந்தபடியே அனுப்பப்படும். வாங்கும் பக்கம் அதைத் தெரிந்திருக்க வேண்டும். மறைந்த பெட்டிக்குக் கட்டாயம் போடாதே. போட்டால் பிரவுசர் அனுப்ப மறுக்கும், காரணம் காட்ட இடமில்லாமல் வாயை மூடிக்கொள்ளும். பட்டனைத் திரும்பத் திரும்ப அமுத்திப் பார்த்துவிட்டு ஆள் போய்விடுவார்.

அனுப்பும் பட்டனை முடக்கி வைப்பதும் இதே கொடுமை. எல்லாம் நிரம்பும்வரை சாம்பல் நிறத்தில் கிடக்கும் பட்டன் எது பாக்கி என்று சொல்வதில்லை. பட்டன் எப்போதும் உயிரோடு இருக்கட்டும். அமுத்தினால் எந்தப் பெட்டி பாக்கியோ அங்கே பிரவுசரே கொண்டுபோய் நிறுத்தும்.

*

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு ஒரு தீர்ப்பு தந்தது. ஆசிட் வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர்கள், பார்வையற்றவர்கள் கேட்டது: வங்கிக்கும் சிம் கார்டுக்குமான இணைய அடையாளச் சரிபார்ப்பில் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள், எங்களால் முடியவில்லை. டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொல்லி, 20 வழிகாட்டுதல்களையும் தந்தது. மத்திய அரசின் இணையதள நெறிமுறைகளின் மூன்றாம் பதிப்பு, 2023-ல் வந்தது, டபிள்யூசிஏஜி 2.1-ஐ அடிப்படையாகக் கொண்டது. ஆக, லேபிள் போடுவது இனி நல்ல மனசுக்காரர் செய்யும் உதவி என்ற கணக்கில் வராது. வழக்குப் போட்டவர்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி, முகத்தைப் படமெடுக்கும் பெரிய தொழில்நுட்பத்தில் இருந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவர்களை நிறுத்துவது பெயரில்லாத பட்டனும், லேபிள் இல்லாத பெட்டியும்தான்.

*

மொழியை "டிஏ" என்று பக்கத்தின் முதல் குறியிலேயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும், அல்லது மௌனமாகத் தாண்டும். கட்டாயப் பெட்டி காலியாக இருந்தால் வரும் எச்சரிக்கை பிரவுசரின் மொழியில் வரும். பெரும்பாலான போன்களில் அது ஆங்கிலம். ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ்ஸால் மட்டும் அதை மாற்ற வழியில்லை. ஆகவே கட்டாயப் பெட்டிகளை இரண்டாகக் குறைத்தேன்: பெயர், நாடு. மற்றவை விட்டாலும் குழுவினர் நேரில் பார்த்து நிரப்பிக்கொள்வார்கள்.

*

கோப்புப் பெட்டி: விதைக் கதிரின் படத்துக்கு. அதன் பட்டனை மட்டும் தனியாக அலங்கரிக்க "ஃபைல்-செலக்டர்-பட்டன்" என்ற போலி உறுப்பு இருக்கிறது, 2021 முதல் எல்லா முக்கியப் பிரவுசரிலும். பக்கத்தில் வரும் "கோப்பு எதுவும் தேர்வாகவில்லை" என்ற வரியைத் தொட முடியாது. விட்டுவிடலாம்.

*

அச்சு. குழு இதையும் கேட்டது: டவரே எட்டாத ஊர்களுக்குக் காகிதத்தில் எடுத்துப் போக வேண்டும், நிரப்பி வாங்கி வந்து சென்டரில் ஏற்ற வேண்டும். அதே பக்கம், அச்சுக்கு மட்டும் ஒரு சிஎஸ்எஸ் பகுதி. பட்டன் மறைந்துவிடும். செலக்ட் காகிதத்தில் பயன்படாது. எனவே 14 நாடுகளும் ஒரு பட்டியலாக, திரையில் ஒளிந்திருந்து அச்சில் மட்டும் வரும், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு காலிச் சதுரம். "எவ்வளவு?" பெட்டி எப்போதும் தெரியும். "இதில் இல்லாத ரகம்" பெட்டிக்கு நான்கு வரி உயரம். சதுரங்களைக் கோட்டால் வரைந்திருக்கிறேன், பின்னணி நிறத்தால் அல்ல. பிரவுசர்கள் மை மிச்சம் பிடிக்கப் பின்னணியை அச்சிடாமல் விட்டுவிடும். ஒரு விவசாயிக்கு ஒரு தாள், இரண்டு பக்கம். எழுத்து 12 புள்ளி.